நாலிலை மட்டும் ஓடுற ஃபான்

குளிர் தொடங்கின முதல் கிழமையே யாராவது ஒருவர் எடுத்துக் கேட்பார்கள். "உமக்கு உந்தக் கார் வேலை கொஞ்சம் தெரியுமெல்லோ... என்ரை ஹீற்றர் ஃபான் ஒண்டு, ரெண்டு, மூண்டிலை ஓடுதில்லை. நாலிலை போட்டால் மட்டும் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது. மோட்டர் போச்சுதோ?" எனக்குக் கார் வேலை தெரியாது. இந்த ஒரு வேலைதான் தெரியும். அதையும் படிப்பித்தது ஒரு மனுசன். ஸ்காபரோவில் எங்கடை ஆட்களுக்குள் அவருக்குப் பெயர் பர்மா அண்ணை. சொந்தப் பெயர் சொன்னால் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது.

இந்தமுறை கேட்ட நண்பருக்குத் தொலைபேசியிலேயே வழி சொல்லி முடித்துவிட்டு வைத்தபோது, சொன்னது முழுக்க அவருடைய வார்த்தைகள் என்பது தெரிந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் 1994 ஜனவரி. நான் கனடாவுக்கு வந்து இரண்டாவது மாரி. இரவு வேலைக்குப் பேருந்தில் போய் வந்து சலித்து, அறுநூறு டொலருக்கு ஒரு பழைய யப்பான் கார் வாங்கியிருந்தேன். கதவு ஒன்று வேறு நிறம். ஆனால் உடனே ஸ்ரார்ட் வரும். வாங்கி ஒரு மாதத்தில் ஹீற்றர் ஃபான் முதல் மூன்று வேகத்திலும் நின்றுபோனது. நாலில் போட்டால் விமானம் ஏறுகிற சத்தம். பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடியாது. கராஜ் ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன். மோட்டர் மாற்றவேணும், இருநூற்றெண்பது டொலர் என்றார்கள். அது என்னுடைய அரை மாத வாடகை.

வேலையிடத்தில் ஒரு பெடியன், "அதுக்கெல்லாம் காசு குடுக்காதையுங்கோ அண்ணை. உள்ளுக்கை ஒரு சின்னப் பியூஸ் இருக்கு, அதுதான் எரிஞ்சிருக்கும். ஒரு வயரை வைச்சு நேர பிடிச்சு விடுங்கோ" என்றான். கையுறைப் பெட்டியைக் கழற்றி, கீழே இரண்டு ஸ்குரூவில் நின்ற சாமானை வெளியில் எடுத்து, அவன் சொன்ன இடத்தில் ஒரு துண்டு வயரை வைத்து ஈயம் பற்ற வைத்தேன். நாலு வேகமும் வந்தது. அன்றைக்கு நான் என்னை ஒரு எஞ்சினியர் என்றே நினைத்தேன். மனுசிக்கு இரண்டுதரம் போட்டுக் காட்டினேன்.

பதினைந்து நாள் சென்றிருக்கும். வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டொக்டரிடம் போகிறோம். மகளுக்கு அப்போது எட்டு மாதம். நாலொருவழி நெடுஞ்சாலையில், அதுதான் 401 இல், ஃபான் இரண்டில் கிடக்கிறது, ஆனால் காற்று வரவில்லை. கண்ணாடி உள்ளுக்குள் பனி பிடிக்கத் தொடங்கியது. நான் மூன்றில் போட்டேன். காற்றுக்குப் பதிலாக ஒரு மணம் வந்தது, பிளாஸ்ரிக் உருகிற மணம். பிறகு மனுசியின் காலடியில் மெல்லிய புகை. கரையில் நிற்பாட்டி, பிள்ளையை என்னுடைய ஜக்கெற்றுக்குள் சுற்றி இறக்கி, பற்றறி வயரைக் கழற்றினபோது கையில் உணர்ச்சியே இல்லை. பக்கத்தால் லொறிகள் போகும்போது கார் ஆடும். பிள்ளை அழவில்லை, பேசாமல் என்னையே பார்த்தபடி கிடந்தது. அந்தப் பார்வை இன்னும் எனக்கு வரும்.

அன்றிரவு ஒருவர் சொல்லி, ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு மிச்ச நேரத்தில் வீட்டு முற்றத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் காரை இழுத்துக்கொண்டு போனேன். அவர்தான் பர்மா அண்ணை. குனிந்து சாமானை வெளியே எடுத்தார். நான் பற்ற வைத்த வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு இதைப் போட்டது?"

"நான்தான் அண்ணை."

"தம்பி, அந்தப் பியூஸ் தன் உசுரக் குடுத்து உன் காரைக் காப்பாத்தியிருக்கு. நீ அதத் தாண்டி வயரப் போட்டு, உன் குழந்தைய உக்கார வச்சு ஓட்டிக்கிட்டு வந்திருக்க."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காரணத்தை விளங்கப்படுத்தாமல் அவர் எந்த வேலையும் செய்யமாட்டார். அவர் சொன்னதைச் சொல்லுகிறேன். கார் வேலை தெரிந்தவர்கள் அடுத்த இரண்டு பந்தியையும் தாண்டிப் போகலாம்.

ஃபான் மோட்டர் ஒன்றுதான். அதற்கு நாலு வேகம் என்று தனியாய் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வோல்ற் முழுவதும் போனால் அது முழு வேகத்தில் ஓடும், அதுதான் நாலு. மற்ற மூன்று வேகத்துக்கும் வழியில் தடை போடுகிறார்கள். அந்தத் தடைதான் றெசிஸ்ரர், சுருள் சுருளாய்க் கம்பி. மூன்றில் ஒரு சுருள், இரண்டில் இரண்டு சுருள், ஒன்றில் எல்லாச் சுருளும். நாலில் சுருளுக்குள் போகாமல் நேரே போகும். ஆகவே நாலு ஓடி மற்றது ஓடாவிட்டால் மோட்டருக்கு உயிர் இருக்கிறது, பிழை றெசிஸ்ரரில். ஒன்று, இரண்டு, மூன்று ஓடி நாலு ஓடாவிட்டால் றெசிஸ்ரரைத் தொடவேண்டாம், சுவிற்ச் அல்லது றிலேயைப் பார்க்கவேணும். ஒன்றுமே ஓடாமல், கையுறைப் பெட்டிக்குக் கீழே தட்டினால் ஓடினால் மோட்டரின் கரித்துண்டு தேய்ந்திருக்கும். (தானாக வெப்பம் பார்க்கும் புதுக் கார்களில் சுருள் இல்லை, அங்கே ரான்சிஸ்ரர். அதற்கு இந்தக் கணக்குச் சரிவராது.)

தடை போட்டால் சூடு வரும். ஒன்றரை ஓம் சுருளுக்குள்ளால் ஐந்து அம்பியர் போனால் முப்பத்தேழு வாற்சுக்கு மேலே, ஒரு சோல்டர் ஐயன் அளவு சூடு. அதைத் தணிக்கத்தான் றெசிஸ்ரரை ஃபானின் காற்றுப் போகிற குழாய்க்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஃபான் தரும் காற்றே அதைக் குளிர்விக்கும். காற்று நின்றால்? மோட்டர் இறுகி நின்றுவிட்டால், இலை குப்பை அடைத்தால், சூடு ஏறும். அதற்குத்தான் சுருளோடு ஒரு வெப்பப் பியூஸ். சூடு கூடினால் அது அறுந்து மூன்று வேகத்தையும் நிற்பாட்டும். என்னுடைய மோட்டருக்குள் புஷ் தேய்ந்து, குளிருக்குக் கிறீஸ் இறுகி, அது அடிக்கடி நிற்கத் தொடங்கியிருக்கிறது. பியூஸ் அதைக் கண்டு அறுந்திருக்கிறது. நான் பியூஸின் வாயைக் கட்டிவிட்டேன்.

உடைத்த கார்கள் விற்கும் இடத்தில் எட்டு டொலருக்கு றெசிஸ்ரரும் இருபது டொலருக்கு மோட்டரும் எடுத்துப் போட்டுத் தந்தார். கூலி வாங்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். "எந்த ஊரு?" என்று நான் கேட்க, "மிங்கலாடோன்" என்றார். தமிழ்நாட்டில் அப்படி ஒரு ஊரா என்று நான் முழித்தேன்.

அவர் 1952 இல் ரங்கூனுக்கு வடக்கே மிங்கலாடோனில் பிறந்தவர். விமான நிலையம் இருக்கிற ஊர். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலேறிப் போன கூலி. தகப்பன் அங்கே ஒரு பஸ் பட்டறையில் ஃபிற்றர். பர்மாத் தமிழர் என்றால் நாங்கள் செட்டிமாரையும் வட்டிக் கடையையும்தான் நினைப்போம். அங்கே போனவர்களில் கூடப்பேர் இவருடைய தாத்தாவைப் போன்றவர்கள்தான், மூட்டை சுமந்தவர்களும் வயல் வெட்டினவர்களும். 1962 மார்ச்சில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 இல் கடைகளை அரசாங்கம் எடுத்தது. அதே வருசம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்று இலட்சம் அளவிலான இந்திய வம்சாவளியினர் அந்த வருசங்களில் வெளியேறினார்கள். இவர் குடும்பம் 1965 இல் கப்பலில் மதராஸ் வந்து இறங்கியது. தாயின் காதுத் தோட்டைத் துறைமுகத்தில் கழற்றி வாங்கினார்களாம். சென்னையில் பர்மா பஜாரும், பாரிமுனைத் தெருவோரத்தில் விற்கிற அத்தோவும் இந்தச் சனம் கொண்டுவந்ததுதான். "தம்பி, நீ நேத்து வந்த அகதி. நான் சீனியர்" என்று பகிடி விடுவார். பிறகு இருபத்தைந்து வருசத்துக்கு மேல் எங்கள் வீட்டுக் கார் எதுவும் அவர் கை படாமல் ஓடவில்லை.

2016 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு கலியாணம். அங்கே மட்டும் போய்விட்டு ஏன் வரவேணும், யாங்கோனையும் ஒருக்கால் பார்ப்பம் என்று நாலு நாள் போட்டேன். மனுசி வரமாட்டேன் என்றுவிட்டாள். பர்மா அண்ணையிடம் சொன்னபோது பெரிதாய் ஒன்றும் காட்டவில்லை. அடுத்தநாள் ஒரு கடதாசியில் வழி கீறிக் கொண்டுவந்தார். விமான நிலையம், ரயில் பாதை, பஸ் பட்டறை, அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், மரத்தடியில் ஒரு முனி. "இருந்தா ஒரு போட்டோ எடு. இல்லேன்னா விடு."

யாங்கோனில் காளி கோயில் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் தமிழ் கதைக்கிற ரக்ஸிக்காரர் ஒருவர் அகப்பட்டார். நாலாம் தலைமுறை. நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். 1982 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஆட்களை மூன்று தரமாய்ப் பிரிக்கிறது. தாத்தாவும் அங்கே பிறந்தவர்தான், ஆனாலும் அவரிடம் இருந்தது முதல் தர அட்டை இல்லை. அதைக் கோபமாய்ச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். வண்டி, அந்த ஊர் வீதி முழுக்க ஓடினது போன்ற ஒரு பழைய யப்பான் வாகன். பின்பார்க்கிற கண்ணாடியில் மல்லிகைச் சரம். 2011 இல் பழைய கார்களை ஒப்படைத்தால் இறக்குமதிக்கு அனுமதி என்று அரசாங்கம் விட்ட பிறகு வந்து குவிந்த கார்கள் இவை. டாஷ்போட்டில் எழுத்தெல்லாம் யப்பான் மொழி. வெப்பத்துக்குச் சிவப்பு, குளிருக்கு நீலம் என்று திருப்புகிற குமிழும் அப்படியே இருந்தது. "இந்தச் சிவப்புப் பக்கம் எதுக்குண்ணே?" என்று கேட்டார். நான் பனியைப் பற்றிச் சொன்னேன். நம்பினமாதிரித் தெரியவில்லை.

முதலில் இன்னும் மேலே, தௌச்சான் போர் மயானத்துக்குப் போனோம். நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். 6,374 கல்லறைகள். நடுவில் தூண் தூணாய், உடல் கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள். தமிழ்ப் பெயர்களும் நிறைய. விரலை வைத்துத் தடவி வாசித்துக்கொண்டு நிற்க மழை பிடித்தது. ஜூலை மாதத்தில் மட்டும் அங்கே அரை மீற்றருக்கு மேல் மழை பெய்யும். யாழ்ப்பாணத்து மார்கழி மழை இதற்கு முன்னால் தூறல்.

திரும்பி வரும்போதுதான் விசயம் தொடங்கியது. நனைந்த உடுப்போடு இரண்டு பேர் ஏறினால் கண்ணாடி உள்ளுக்குள் புகார் கட்டும். அவர் ஏசியைப் போட்டு ஃபானை இரண்டில் விட்டார். கொஞ்சத் தூரம் ஓடியது. பிறகு நின்றது. மூன்றில் போட்டார், ஓடி நின்றது. நாலில் போட்டால் விட்டு விட்டு ஓடியது.

அந்த நாட்டில் வாகனம் ஓடுவது வலப்பக்கம். 1970 டிசெம்பர் 6 இல் ஒரே நாளில் மாற்றினார்கள். ஆனால் கார் யப்பானிலிருந்து வருவதால் ஸ்ரேரிங்கும் வலப்பக்கம். அதாவது சாரதி வீதியின் ஓரத்தில் இருக்கிறார், எதிரே வருகிற வாகனத்துக்குக் கிட்ட இருப்பது பக்கத்தில் இருக்கிறவர். முன்னால் போகிற லொறியை முந்துவதென்றால் பக்கத்தில் இருக்கிறவர் பார்த்துச் சொல்லவேணும். நான் கைலேஞ்சியால் என் பக்கக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, "வருது... வருது... இப்ப போங்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஒருதரம் நான் "போங்கோ" என்று சொன்னது பிழை. புகாருக்குப் பின்னால் ஒரு பஸ்சின் லைற் எழும்பியது. அவர் காரை ஒடித்துத் திரும்ப லொறிக்குப் பின்னால் போட்டார். இருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகும் அதை எனக்குப் பிழைவிடத் தெரியாது. கையுறைப் பெட்டிக்குக் கீழே கையை விட்டேன், சுட்டது.

"ஃபானை நிப்பாட்டுங்கோ. இதை ஆராவது திருத்தினவையோ?"

"ரெண்டு மாசம் முந்தி ஒருத்தன் ரோட்டோரத்துல சரி பண்ணிக் குடுத்தான் அண்ணே. நாலுல மட்டும் ஓடுது, ஏறுறவங்க சத்தம்னு ஏசுறாங்கன்னு. மூவாயிரம் வாங்கினான்."

"வயர் வைச்சுக் கட்டினவனோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்படித் தெரியும்?"

சன்னலை இறக்கி, மழை அரைப்பங்கு உள்ளே வர, நடக்கிற வேகத்தில் மிங்கலாடோன் வரை வந்து, பெரிய வீதியிலிருந்து உள்ளே ஒரு தகரக் கூரைப் பட்டறையில் ஒதுங்கினோம். பட்டறைக்காரர் ஐம்பது வயது பர்மியர், வெற்றிலை வாய். கழற்றி எடுத்தார். அதே துண்டு வயர், அதே ஈயப் பொட்டு. என்னுடையதைவிட வடிவாய்ப் பற்ற வைத்திருந்தான் என்றுதான் சொல்லவேணும். செருகுகிற பிளாஸ்ரிக் பாதி உருகி, ஒரு கால் கருகிக் கிடந்தது. நாலாம் வேகமும் விட்டு விட்டு ஓடினதற்கு அதுதான் காரணம். காற்று வடிகட்டி அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. இழுத்தெடுக்க ஒரு கம்பளித் துண்டுபோல் வந்தது.

பட்டறைக்காரர் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து கொட்டினார். உடைத்த கார்களில் கழற்றிய றெசிஸ்ரர்கள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். இதே அச்சு ஒன்றும் இல்லை. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றை எடுத்து மல்ரிமீற்றரால் அளந்தார். ஓம் கணக்கு வேறு. செருகியும் வேறு, வெட்டி ஒட்டவேணும். போடலாமா என்று சாரதி என்னைப் பார்க்கிறார். ரக்ஸி அவருடையதுகூட இல்லை, நாள் வாடகை. எரிந்தால் அவர் தலையில். வயர்க் கதையைக் கண்டுபிடித்ததால் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரியாது.

நேரம் பின்னேரம் மூன்றரை. ரொறன்ரோவில் விடியப்புறம் ஐந்து. கராஜ் பழக்கத்தில் அந்த மனுசன் நாலரைக்கே எழும்பிவிடும். வைபரில் எடுத்தேன்.

"பர்மா அண்ணை, நான் மிங்கலாடோனிலை நிக்கிறன்."

"மழையா?" என்றார். முதல் கேள்வி அதுதான். கூரைச் சத்தம் கேட்டிருக்கும்.

விசயத்தைச் சொன்னேன். "ரெண்டு ஓமா மூணு ஓமாங்கிறது பெரிசில்ல தம்பி. ஒண்ணாம் நம்பர் கொஞ்சம் மெதுவா ஓடும், அவ்வளவுதான். பியூஸ் இருக்கா? உயிரோட இருக்கா? சுருள் காத்துக்குள்ள நிக்குமா, இல்ல மூலைக்குள்ள போயிடுமா? அதப் பாரு. செருகிய முறுக்கி ரேப் சுத்த விடாத, ஈயம் வச்சு ஒட்டச் சொல்லு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "போன அந்த ஆள்கிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பட்டறைக்காரர் ஹலோ ஹலோ என்றார். பிறகு மெல்ல, "சயா..." என்று அங்கிருந்து குரல் வந்தது. தொழில் தெரிந்தவரை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தது எனக்கு விளங்காத பாசை. தடக்கித் தடக்கி வந்தது, நடுவில் நின்றது, திரும்ப வந்தது. ஐம்பத்தொரு வருசம் கதைக்க ஆளில்லாமல் கிடந்த பாசை. பட்டறைக்காரர் முதலில் முழித்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். சாரதியிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"யாரு இந்தாளு, பழைய படத்துல பேசுற மாதிரி பேசுறாருங்கிறான்."

பத்து நிமிசம் கதைத்தார்கள். அதில் றெசிஸ்ரர் இரண்டு நிமிசம்தான் இருக்கும். பட்டறைக்காரர் ஒரு கையில் போனும் மற்றக் கையில் ஃபானுமாய், ஃபானைச் சுண்டிச் சுண்டி அதன் சத்தத்தைப் போனுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினார். பிறகு வெளியே கையை நீட்டி நீட்டிக் கதைத்தார். பஸ் பட்டறை போய்க் கனகாலமாம். மரத்தை வீதி பெருப்பித்தபோது வெட்டினார்களாம், இவர் சிறுவனாய் இருந்தபோது அதில் ஏறியிருக்கிறாராம். முனியைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. லைன் அறுந்தது. திரும்ப எடுத்தேன், அண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பழைய றெசிஸ்ரரைப் போட்டு, வேறொரு செருகியை ஈயம் வைத்து ஒட்டி, ஃபானுக்குள் கிடந்த இலை குப்பையைத் தட்டி, புஷ்சுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். புஷ் தேய்ந்துதான் இருக்கிறது, ஒரு வருசத்துக்குள் மோட்டரை மாற்று என்று சாரதிக்குச் சொன்னார். பதினைந்தாயிரம் கியாட், அப்போதைய கணக்கில் பதின்மூன்று அமெரிக்க டொலர் வரும். நான் கொடுத்தேன். சாரதி வேண்டாமென்று கொஞ்சம் பிடிவாதம் பிடித்தார். "நான் கனடாவிலை உந்த வயரை வைச்சனான், அதுக்குக் கட்டுறன்" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. நாலு வேகமும் வந்தது. ஒன்று சரியான மெது, அண்ணை சொன்னமாதிரியே.

எரிந்த றெசிஸ்ரரைப் பொக்கற்றுக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் ஒருவன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டான். ரொறன்ரோவில் அண்ணையின் சமையலறை மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஈயப் பொட்டைக் கனநேரம் பார்த்தார். மரத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அந்த ஆளு மோட்டரைக் கழட்டினானா, இல்ல எண்ணெய மட்டும் விட்டானா?" என்றார். எண்ணெய் மட்டும்தான் என்றேன். ச்ச் என்றார்.

அந்த மனுசன் 2022 மாரியில் போய்விட்டார். வருத்தம் கனகாலம் இல்லை, ஒரு மாதம். சுப்பர்க்காய்த் திருத்தி வைத்திருந்த காரை மகன் விற்றான். ஆயுதப் பெட்டியை அவருடைய மனுசி என்னிடம் தந்தா. நான் திறக்காமல் கராஜில் வைத்திருந்தேன்.

சாரதியோடு தொடர்பு விடவில்லை. பெருநாளுக்குப் படம் அனுப்புவார். 2021 பெப்ரவரியில் இராணுவம் திரும்ப ஆட்சியைப் பிடித்த பிறகு மறுமொழி வரச் சுணங்கியது. கரண்ட் இல்லை, பெற்றோலுக்கு வரிசை, சவாரி இல்லை. அதற்கு முதல் வருசம்தான் அந்த வண்டியை முதலாளியிடம் தானே கடனுக்கு வாங்கியிருந்தார். 2024 பெப்ரவரியில், பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது ஆண்களைக் கட்டாயப் படைச் சேவைக்கு எடுக்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு மகன். இரண்டு மாதம் கழித்து, "மகன் தாய்லாந்துப் பக்கம் போயிட்டான் அண்ணே" என்று ஒரு வரி வந்தது. எப்படிப் போனான் என்று நான் கேட்கவில்லை. அப்படியான கேள்வியை எழுத்தில் கேட்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெடியன் போய்ச் சேர்ந்தானா என்று மட்டும் கேட்டேன். சேர்ந்தான்.

போன மாதம் அந்தத் தொலைபேசி நண்பருக்காக மல்ரிமீற்றரைத் தேடி ஆயுதப் பெட்டியைத் திறந்தேன். மேல் தட்டிலேயே மிங்கலாடோன் றெசிஸ்ரர் இருந்தது. பற்ற வைத்த வயரை அண்ணை வெட்டி எடுத்திருந்தார். சுருளில் மாஸ்கிங் ரேப் ஒன்று சுற்றி, அதில் பேனையால் வட்டம் வட்டமாய்ப் பர்மிய எழுத்து. பதின்மூன்று வயதில் விட்டுவந்த பிள்ளையின் எழுத்து, பெரிது பெரிதாய். என்ன எழுதியிருப்பார்? ஊர்ப் பெயரா, மரமா, தகப்பன் பெயரா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் படம் எடுத்துச் சாரதிக்கு அனுப்பினேன்.

பதினொரு நாள் கழித்து மறுமொழி வந்தது. "லைட்டு இல்ல அண்ணே, இன்னைக்குத்தான் பாத்தேன். 'மோட்டர் புஷ்ஷைப் பாக்கணும்'னு எழுதியிருக்கு. நம்ம வண்டியில இன்னும் பாக்கல."